மாஸ்டரைக் கேளுங்கள்: மலையில் ஒரு சம்பியன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உதைபந்தாட்ட லீக் சம்பியன்களைப் பற்றியவை. போன இதழில் என் பழைய கொப்பியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், அதன் வேலைதான் இது. அந்த இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்காக மறுபடி சொல்லிவிடுகிறேன். 1978இல், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், அடுத்த காம்பராவில் இருந்த மாமாவின் ரேடியோவில் ஒரு செய்தி கேட்டேன். இங்கிலாந்து லீக்கை நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் வென்றுவிட்டது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பெயரின் ஓசை பிடித்துப்போய், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அதற்கு முந்தின வருடம்தான் அந்த அணி இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் இடம் பிடித்து மேலே ஏறி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் லீக் சம்பியன்களின் பெயரை எழுதுகிறேன். இடையில் முப்பத்து நாலு வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். கொப்பி ஐந்து மாறிவிட்டது.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

நோர்வூட், தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் வாசகர்: மாஸ்டர், உங்கள் கொப்பியில் இருப்பதெல்லாம் பெரிய நகரத்து டீம்கள்தானே? நம்மை மாதிரி மலையில் இருக்கிற ஊர் ஒன்று எப்பவாவது ஒரு நாட்டின் லீக்கை ஜெயித்திருக்கிறதா?

ஜெயித்திருக்கிறது அண்ணன். யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று எத்தனையோ நாள் இருந்தேன்.

ஊரின் பெயர் ஐஸ்வால். இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோரம் மாநிலத்தின் தலைநகர். ஹட்டனைப் போலவே ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. மலை முதுகில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். படத்தில் முதல்முறை பார்த்தபோது இது கொட்டகலையா, பண்டாரவளையா என்று கண் தடுமாறியது. அந்த ஊரின் கழகம் ஐஸ்வால் எப்.சி. 2016–17 பருவத்தில் ஐ-லீக் சம்பியன் ஆனது. அன்றைக்கு இந்தியாவின் தேசிய லீக் ஐ-லீக்தான். வடகிழக்கிலிருந்து அதை வென்ற முதல் கழகமும் இதுதான்.

அதற்கு முந்தின பருவத்தைச் சொன்னால்தான் இதன் பெறுமதி விளங்கும். 2015–16தான் ஐஸ்வாலுக்கு ஐ-லீக்கில் முதல் வருடம். ஒன்பது அணிகளில் எட்டாவதாக வந்து கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது. கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வருடம் கோவாவின் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களும் இந்திய லீக் போகும் பாதை பிடிக்காமல் விலகிக்கொண்டன. காலியான இடத்துக்கு ஐஸ்வாலைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பயிற்றுவிப்பாளராக வந்தவர் காலித் ஜமீல். மும்பை எப்.சி.யில் பல வருடம் வேலை பார்த்து, அங்கே வேண்டாம் என்று விடப்பட்டவர். அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே போன்ற மும்பைப் பையன்களும் அவர் பின்னால் மலையேறி வந்தார்கள். சிரியாவிலிருந்து மஹ்மூத் அல்-அம்னா. மிச்சம் பெரும்பாலும் மிசோ பிள்ளைகள். இறக்கப்பட்ட ஊரும், விடப்பட்ட மனிதரும், யாரும் பெரிதாகக் கேட்டு வராத ஆட்டக்காரரும் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள்.

எதிரே நின்றது கொல்கத்தாவின் மோகன் பகான். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கழகம். அந்த 2017 தொடக்கத்தில்தான் ஆசியக் கழகங்களுக்கான ஏ.எப்.சி. கிண்ணத் தகுதிச் சுற்றில் நம்முடைய கொழும்பு எப்.சி.யை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்துப் போனார்கள். அவர்கள் அணியில் ஜெஜெ லால்பெக்லுவா என்று ஒரு முன்வரிசை ஆட்டக்காரர் இருந்தார். அவரும் மிசோ பிள்ளைதான். தன் மண்ணுக்கு எதிராகவே ஆட வேண்டிய நிலை அவருக்கு.

ஏப்ரல் 22ஆம் திகதி இரண்டு அணிகளும் ஐஸ்வாலில் மோதின. பருவத்தில் இன்னும் ஓர் ஆட்டம்தான் மிச்சம். 83ஆவது நிமிடம் வரைக்கும் கோல் இல்லை. பிறகு ஸோமிங்லியானா ரால்தே தலையால் முட்டினார். 1–0. அவர் தடுப்பாட்டக்காரர் அண்ணன், கோல் அடிக்கிற ஆள் இல்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஐஸ்வாலுக்கு 36 புள்ளி, மோகன் பகானுக்கு 33. இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் கிண்ணம் மலைக்கு.

அந்தக் கடைசி ஆட்டம் 2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. ஷில்லாங்கில், இன்னொரு மலை ஊரில். இங்கே மறுநாள் மே தினம் என்பதால் தோட்டம் முழுக்கக் கொடியும் பஸ்ஸும்தான் பேச்சு. நான் என் மருமகனின் போனை வாங்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். எங்கள் டிவிசனில் அந்தக் கல்லில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். படம் ஓடாது, எழுத்தில் ஸ்கோர் மட்டும் வரும். அதுவும் ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் திரை சுற்றிச் சுற்றி நின்ற பிறகுதான் வரும். ஒன்பதாவது நிமிடத்திலேயே ஷில்லாங் லஜோங்கின் திபாண்டா கோல் போட்டுவிட்டார். இடைவேளை வரை 0–1. எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகத்தான் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் இரண்டு பேர் "என்ன மாஸ்டர், யாருக்காவது சொகமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். 67ஆவது நிமிடம் என்று காட்டியபோது திரை மாறியது: 1–1, வில்லியம் லால்நுன்பெலா. அதற்குப் பிறகு இருபத்துச் சொச்ச நிமிடம் நான் அந்தக் கல்லிலிருந்து அசையவில்லை. போன் சூடேறிப்போய் பற்றரி ஆறு வீதத்துக்கு இறங்கிவிட்டது.

ஐஸ்வால் 37, மோகன் பகான் 36. கொப்பியில் மற்ற எல்லாப் பெயரும் நீல மையில் இருக்கும். அந்த ஒன்று மட்டும் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் எழுதினது.

டிக்கோயா, ஓர் இளைஞர்: உலகத்திலேயே முதல் லீக் சம்பியன் யார்?

இங்கிலாந்தின் பிரஸ்டன் நோர்த் எண்ட், 1888–89. பன்னிரண்டு கழகங்கள், 22 ஆட்டம். 18 வெற்றி, 4 சமநிலை, தோல்வி ஒன்றுமே இல்லை. அதே வருடம், தோற்றால் வெளியே என்று நடக்கிற எப்.ஏ. கிண்ணத்தையும் ஒரு கோல்கூட வாங்காமல் எடுத்தார்கள். தோற்காமல் ஒரு பருவத்தை முடிக்க இங்கிலாந்தின் முதல் பிரிவில் அடுத்து ஓர் அணி வர 2003–04 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது ஆர்சனல்: 26 வெற்றி, 12 சமநிலை.

ஹட்டன், பஸ் சாரதி ஒருவர்: ஒரு வருடம் சம்பியனாக இருந்த டீம் அடுத்த வருடமே கீழே இறங்கிப் போகுமா? நண்பர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.

எந்தப் பக்கம் கட்டினீர்கள் என்று எழுதவில்லையே. போகும், போயிருக்கிறது. மன்செஸ்டர் சிட்டி 1937இல் சம்பியன், 1938இல் இரண்டாம் பிரிவு. அதிலும் கேளுங்கள், இறங்கிப் போன அந்தப் பருவத்தில் அவர்கள் 80 கோல் அடித்தார்கள். முதல் பிரிவில் வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. ஜெர்மனியில் நூரெம்பர்க் 1968இல் சம்பியன், 1969இல் கீழே. அதே ஜெர்மனியில் தலைகீழாகவும் நடந்தது. கைசர்ஸ்லவுட்டர்ன் 1996இல் இறங்கி, 1997இல் ஏறி, ஏறின கையோடு 1998இல் சம்பியன்.

பொகவந்தலாவை, தரம் 11 மாணவன்: சேர், இரண்டு டீமும் ஒரே புள்ளி எடுத்தால் யார் சம்பியன்? ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி என்கிறார்களே?

தம்பி, இது என் பாடம். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பேனையை எடு.

1923–24, இங்கிலாந்து. ஹடர்ஸ்பீல்ட் டவுன் 57 புள்ளி, கார்டிப் சிட்டியும் 57 புள்ளி. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான், மூன்று ஆனது 1981இல். ஹடர்ஸ்பீல்ட் அடித்த கோல் 60, வாங்கியது 33. கார்டிப் அடித்தது 61, வாங்கியது 34. இப்போது கழித்துப் பார். 27, 27. இரண்டும் ஒன்று. இன்றைய சட்டமாக இருந்தால் அடுத்து யார் அதிகம் அடித்தது என்று பார்ப்பார்கள், கார்டிப் சம்பியன். ஆனால் அன்றைக்குக் கழிக்கமாட்டார்கள், வகுப்பார்கள். அடித்ததை வாங்கியதால் வகு. அறுபதை முப்பத்து மூன்றால் வகுத்தால் 1.818. அறுபத்தொன்றை முப்பத்து நாலால் வகுத்தால் 1.794. வித்தியாசம் 0.024. கிண்ணம் ஹடர்ஸ்பீல்டுக்கு. கடைசி ஆட்டத்தில் கார்டிப்புக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அதைத் தவறவிட்டார்கள். அது உள்ளே போயிருந்தால் வேல்ஸ் நாட்டுக் கழகம் ஒன்று இங்கிலாந்தின் சம்பியன் ஆகியிருக்கும். இன்று வரை அது நடக்கவில்லை.

வகுத்தல் பாடம் எடுக்கும்போது இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் போடுவேன். தசமத்துக்குப் பிறகு மூன்றாம் இடம் வரை எதற்கு என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கிலாந்தில் 1976இல்தான் வகுப்பதை விட்டுக் கழிக்கத் தொடங்கினார்கள். 1989இல் ஆர்சனலும் லிவர்பூலும் புள்ளியிலும் ஒன்று, கோல் வித்தியாசத்திலும் ஒன்று. அதிக கோல் அடித்ததால் ஆர்சனல். கடைசி ஆட்டத்தில் லிவர்பூலின் சொந்த மைதானத்திலேயே இரண்டு கோலால் ஜெயிக்க வேண்டிய நிலை, இரண்டாவது கோலை மைக்கல் தோமஸ் ஆட்டம் முடிகிற நேரத்தில் போட்டார். ஸ்பெயினில் வேறு முறை. அங்கே இரண்டு அணியும் நேருக்கு நேர் ஆடியதில் யார் மேல் என்று முதலில் பார்ப்பார்கள். 2006–07இல் ரியல் மட்ரிட், பார்சலோனா இரண்டுக்கும் 76 புள்ளி. பார்சலோனாவின் கோல் வித்தியாசம் எவ்வளவோ பெரிது. ஆனால் நேருக்கு நேரில் மட்ரிட் ஒன்றை 2–0 என்று வென்று, மற்றதை 3–3 என்று முடித்திருந்தது. சம்பியன் மட்ரிட்.

எது நியாயம் என்று கேட்டால், எனக்குக் கழிப்பதுதான் சரி. வகுத்தால் கோல் வாங்காமல் ஒதுங்கி நிற்கிறவனுக்கு அதிக கூலி கிடைத்துவிடுகிறது.

பண்டாரவளை, ஓர் ஆசிரியை: இந்திய லீக் சம்பியன் பட்டியலைத் தேடினால் ஒரே வருடத்துக்கு இரண்டு பெயர் வருகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டு டீம் ஜெயித்ததா, இல்லையா?

குழப்பம் பிள்ளைகளுடையது இல்லை டீச்சர். இந்தியாவில் தேசிய லீக் 1996–97இல் தொடங்கியது. முதல் சம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. 2007–08இல் அது ஐ-லீக் ஆனது. 2014இல் இன்னொரு பக்கம் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சுப்பர் லீக் வந்தது. சில வருடம் இரண்டும் தனித்தனியாக ஓடின. அதனால்தான் ஒரே வருடத்துக்கு இரண்டு சம்பியன். 2019–20 முதல் ஐ.எஸ்.எல். முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குள்ளேயும் இரண்டு பரிசு வைத்தார்கள். எல்லா ஆட்டமும் முடிந்து புள்ளிப் பட்டியலில் முதலில் நின்றவருக்குக் கேடயம், பிறகு அரையிறுதி இறுதி ஆடி ஜெயித்தவருக்குக் கிண்ணம். 2019–20இல் கேடயம் கோவாவுக்கு, கிண்ணம் கொல்கத்தாவின் ஏ.டி.கே.க்கு. 2024–25இல் இரண்டையும் மோகன் பகானே எடுத்துக்கொண்டது. என் கொப்பியில் கேடயம் எடுத்தவர் பெயரைத்தான் எழுதுகிறேன். ஒரு பருவம் முழுக்க மழையிலும் வெயிலிலும் முதலில் நின்றவர்தான் லீக் சம்பியன்.

தமிழ்நாட்டுக் கதைக்கு வருகிறேன். ஐ.எஸ்.எல். கிண்ணத்தைச் சென்னையின் எப்.சி. 2015இலும் 2017–18இலும் வென்றது. ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி, 2018–19இல். பெயரில்தான் சென்னை, அவர்கள் ஆடியது கோயம்புத்தூர் நேரு மைதானத்தில். பயிற்றுவிப்பாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். கடைசி நாள் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியால் முந்தினார்கள், 43க்கு 42. என் மாமி வழிச் சொந்தம் கோயம்புத்தூரில் இருக்கிறது, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்கள். அன்று இரவு போன் எடுத்து, ஸ்டேடியத்துச் சத்தம் கேட்கிறதா என்று தூக்கிப் பிடித்தார்கள். கேட்டது. இன்று அந்தக் கழகம் ஐ-லீக்கில் இல்லை என்பது எனக்குப் பெரிய துக்கம்.

தலவாக்கலை, ஒரு வாசகர்: கொப்பியில் காலியாக விட்ட வருடம் உண்டா?

உண்டு. இத்தாலி 2004–05. யுவென்டஸ் முதலில் வந்தது, நடுவர் நியமன ஊழலில் பட்டம் பறிக்கப்பட்டது, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பிரான்ஸ் 1992–93, மார்செய்யிடமிருந்து பறித்து அப்படியே வைத்துவிட்டார்கள். அந்த வரிகளில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

மஸ்கெலியா, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை: ஒரு டீம் முழுக்க விமானத்தில் இறந்து, அதற்குப் பிறகும் அந்த டீமே சம்பியன் ஆனது என்று நீங்கள் ஒருமுறை சொல்லக் கேட்டேன். அதை விவரமாக எழுதுங்கள்.

எழுதுகிறேன் ஐயா. நீங்கள் மஸ்கெலியாவிலிருந்து கேட்பதால் மனதுக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

1949, இத்தாலியின் டொரினோ. தொடர்ந்து ஐந்தாவது பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த அணி. இத்தாலி நாட்டு அணியில் ஒரு ஆட்டத்தில் பதினொரு பேரில் பத்துப் பேர் இவர்களாகவே இருந்திருக்கிறார்கள். தலைவர் வலன்டீனோ மசோலா. லீக்கில் நாலு ஆட்டம் மிச்சம், புள்ளிப் பட்டியலில் முதலிடம். அந்த இடைவெளியில் லிஸ்பன் போய், பென்பிகா அணித் தலைவரைக் கௌரவிக்கும் சிநேகபூர்வ ஆட்டம் ஒன்று ஆடினார்கள். மே 4ஆம் திகதி திரும்பி வரும்போது தூரின் நகரத்தைப் பார்த்து நிற்கிற சுப்பர்கா மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. மலை உச்சியில் ஒரு பெரிய தேவாலயம். அதன் பின்பக்க மதிலில் விமானம் மோதியது. 31 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் 18 பேர் ஆட்டக்காரர்கள். உடல்களை அடையாளம் காட்டியவர் இத்தாலி அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்த விட்டோரியோ பொசோ. அந்தப் பிள்ளைகளை அவர்தான் நாட்டுக்காக ஆட வைத்தவர்.

மிச்சம் இருந்த நாலு ஆட்டத்துக்கும் டொரினோ தன் இளைஞர் அணியை இறக்கியது. எதிரே வந்த ஜெனோவா, பலெர்மோ, சம்ப்டோரியா, பியோரென்டினா நாலு கழகமும் தங்கள் பெரிய ஆட்களை வெளியே வைத்துவிட்டு, இளைஞர் அணியையே இறக்கின. பையன்களுக்கு எதிரே பையன்கள். நாலையும் டொரினோ பையன்கள் வென்றார்கள். பட்டம் அவர்களுடையது. அதற்குப் பிறகு டொரினோ லீக்கை வென்றது 1976இல், ஒரே ஒரு தடவை. மசோலாவின் மகன் சான்ட்ரோவுக்கு அன்று ஆறு வயது. அவர் வளர்ந்து இன்டர் மிலானுக்கு ஆடி, தானும் லீக் சம்பியன் ஆனார்.

ஐயா, 1974 டிசம்பர் 4 உங்களுக்கு மறந்திருக்காது. நான் அப்போது ஒன்பது வயதுப் பையன், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் அம்மாயி வீட்டில் இருந்தேன். இரவு பத்து மணி அளவில் ஒரு சத்தம். இடி என்று நினைத்து அம்மாயி விளக்கைக் கொளுத்தினாள், அவ்வளவுதான். விடிந்த பிறகுதான் ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதிவிட்டது என்று தெரிந்தது. ஹஜ் பயணம் புறப்பட்ட இந்தோனேசிய மக்கள். விமானச் சிப்பந்திகளோடு சேர்த்து 191 பேர். காலையில் பனிமூட்டம் கலையவே இல்லை. தோட்டத்து ஆம்பிளைகள் கையில் கவ்வாத்துக் கத்தியோடு காட்டை வெட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். என் தாத்தாவும் போனார். பின்னேரம் திரும்பி வந்து, யாரோடும் பேசாமல் பீலியில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

சுப்பர்காவைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது மேகம், மலை, மதில் என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். இத்தாலியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூடுபனியை எனக்குத் தெரியும். கொப்பியில் 1949 என்றும் ஒரு வரி சேர்த்து, அதற்கு நேராக டொரினோ என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக "பையன்கள்" என்று எழுதியிருக்கிறேன்.

நாவலப்பிட்டி, ஒரு தகப்பன்: என் மகன் பந்தாடுகிறான், நன்றாக ஆடுகிறான். மலைநாட்டு டீம் ஒன்று நம் நாட்டு லீக்கில் முதலிடம் வருவதை நான் பார்ப்பேனா?

உங்கள் ஊரிலேயே தொடக்கம் இருக்கிறது தம்பி. 2021இல் இலங்கை சுப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்களில் ஒன்று உங்கள் நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ். கொழும்பு எப்.சி., ரினவுன், ரட்ணம், இராணுவத்தின் டிபென்டர்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ் என்று பெரிய பெரிய பெயர்களோடு ஒரே பட்டியலில். பட்டம் களுத்துறையின் புளூ ஸ்டாருக்குப் போனது. அதையும் கவனியுங்கள். களுத்துறை தலைநகரம் இல்லை. அதற்கு முன்னால் இருந்த லீக்கில் கொழும்பு எப்.சி. அடுக்கடுக்காகப் பட்டம் எடுத்திருந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது மட்டமான நிலம். சர்வதேச அளவு மைதானம் என்றால் நீளம் நூறு மீட்டராவது, அகலம் 64 மீட்டராவது வேண்டும். எங்கள் தோட்டத்து மைதானத்தை நான் காலால் அளந்திருக்கிறேன், நீளம் எழுபது தப்படி. கீழ்ப்பக்கம் ஒரு ஆள் உயரத்துக்குச் சரிவு. பந்து வெளியே போனால் தேயிலைக்குள் விழுந்து, கானில் உருண்டு, நேரே ஆற்றங்கரை. அதற்காகவே இரண்டு சின்னப் பையன்களைக் கீழே நிற்க வைப்போம். நாணயம் சுண்டி வென்றவன் எப்போதும் முதல் பாதியில் மேட்டுக்கு ஆடுவதைத்தான் கேட்பான், களைத்த பிறகு பள்ளத்துக்கு ஆடலாம் என்று. அங்கே ஆடிப் பழகின பிள்ளைக்குக் காலில் பந்து ஒட்டிக்கொள்ளும், பிடி தவறினால் இறங்கி ஓடி எடுக்க வேண்டியது அவன்தானே. ஆனால் முப்பது மீட்டர் பாஸ் ஒன்றைத் தரையோடு அனுப்ப அவனுக்குத் தெரியாது. அப்படி ஒரு பாஸ் போக எங்கள் மைதானத்தில் இடமே இல்லை. கொழும்பு மைதானத்தில் இறங்கும் முதல் நாள் அவன் தொலைந்து போனவன் மாதிரி நிற்பான். அதைப் பார்த்து ஆட்டம் தெரியாத பையன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அனுப்பி வைத்த இரண்டு பிள்ளைகளுக்கு இதுதான் நடந்தது.

அடுத்தது வயது. பதினேழு பதினெட்டில் நம் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். கால் உறுதியாகிற வயதும் அதுதான். உங்களால் முடிந்தால் இன்னும் இரண்டு வருடம் மகனை ஜயதிலக்க மைதானத்துக்கு அனுப்பிக்கொண்டிருங்கள். கிழமைக்கு மூன்று நாளாவது முழு மைதானத்தில் ஆடட்டும். இடது காலால் சுவரில் அடித்துப் பழகச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு இருநூறு தரம். பார்ப்பீர்களா என்று கேட்டீர்கள். பார்ப்பீர்கள் என்றுதான் நான் நம்புகிறேன். ஆறாவது கொப்பியும் வாங்கி வைத்துவிட்டேன்.

லிந்துலை, தரம் 10 மாணவி: சேர், உங்கள் கொப்பியில் பெண்கள் லீக் சம்பியன்கள் இருக்கிறார்களா? எங்கள் ஸ்கூலில் டீம் தொடங்கியிருக்கிறோம். அம்மாவுக்கு விருப்பமில்லை.

இருக்கிறார்கள் மகள், ஆனால் தாமதமாகத்தான் எழுதத் தொடங்கினேன். அது என் பிழை. இந்தியப் பெண்கள் லீக்கின் முதல் பருவம் 2016–17. சம்பியன் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன். அடுத்தது ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ். 2018–19இல் மதுரையின் சேது எப்.சி. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் பொலிஸ் அணியை 3–1 என்று வென்றது. நம் மொழி பேசுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருந்த அணி அது. பிறகு கோகுலம் கேரளா மூன்று தடவை அடுத்தடுத்து. 2023–24இல் ஒடிசா எப்.சி., 2024–25இல் ஈஸ்ட் பெங்கால். பிரான்சில் லியோன் பெண்கள் அணி 2007 முதல் 2020 வரை பதினாலு பட்டத்தைத் தொடர்ந்து எடுத்தது. ஆண்களின் பெரிய லீக்குகளில் அப்படி ஒரு வரிசையை நான் எழுதியதில்லை.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லு. மேலே பிரஸ்டன் என்று ஓர் ஊர் வந்ததே, முதல் சம்பியன், அதே ஊரில் முதல் உலக யுத்தக் காலத்தில் டிக் கேர் என்ற தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் இடைவேளையில் பந்து உதைக்கத் தொடங்கி, அணியாகச் சேர்ந்தார்கள். பகல் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்து கூலி வாங்கினவர்கள், உன் அம்மா மாதிரி, என் அம்மா மாதிரி. 1920 டிசம்பர் 26, லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம், கழக மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. ஐம்பது வருடம் அந்தத் தடை இருந்தது. அவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கிடைத்த வெளியில் ஆடினார்கள், வெளிநாடு போய் ஆடினார்கள்.

அம்மா இன்னும் வேண்டாம் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார வை. ஒன்றும் பேச வேண்டாம். வலய மட்டப் போட்டி முடிந்ததும் ஸ்கோரையும் கோல் போட்ட பிள்ளைகளின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்பு. தோற்றாலும் அனுப்பு. புதுக் கொப்பியின் முதல் பக்கத்தை உங்களுக்காகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.